‘பொல்’ என்னும் பழந்துருக்கிய வினை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருக்கி, உஸ்பெக், கசாக் போன்ற மொழிகளைக் கற்கத் தொடங்கும் தமிழர்களும் ஒப்பிலக்கணத்தில் ஆர்வமுள்ள நண்பர்களும் இந்த ஒரு வினைச்சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்ப ஒரே ஐயங்களை எழுப்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை எழுதுவதைவிட அவற்றை ஓரிடத்தில் தொகுத்து வைப்பது நல்லது என்று பட்டது. கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே உள்ளன.

இது எந்த வினை? இதில் அப்படி என்ன சிறப்பு?

‘ஆதல்’ என்னும் பொருளுடைய வினை இது. துருக்கி மொழியில் ‘ஒல்-’, கசாக்கிலும் கிர்கிஸிலும் ‘பொல்-’, தாத்தாரில் ‘புல்-’, சைபீரியாவின் வடகிழக்கில் பேசப்படும் சாகா மொழியில் ‘புவொல்-’ என்று வழங்குகிறது. இவை அனைத்தும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. அந்த மூல வடிவத்தை மொழிநூலார் *பொல்- என்று மீட்டுருவாக்கியுள்ளனர்.

அரிய சொல் என்பதற்காக இதை ஆராயவில்லை. நாள்தோறும் நூறு முறை வாயில் வரும் சொல் என்பதால்தான் ஆராய்கிறோம். துருக்கிய மொழிகளில் சம்மதம் சொல்வது, மறுப்பது, நோயாளிக்கு ஆறுதல் கூறுவது, ‘போதும்’ என்று நிறுத்தச் சொல்வது எல்லாவற்றிலும் இந்த வினை இருக்கிறது. இவ்வளவு புழங்கிய சொல் பால்கன் பகுதி முதல் லேனா ஆற்றங்கரை வரை எப்படியெல்லாம் உருமாறியது என்பதைப் பின்தொடர்ந்தால், அந்த மொழிக் குடும்பத்தின் வரலாற்றில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

தமிழ் எழுத்தில் ‘பொல்’ என்று போட்டால் அதை எப்படி ஒலிப்பது?

நியாயமான கேள்வி. ‘பல்’ என்பதில் உள்ள பகரமும் ‘தம்பி’ என்பதில் உள்ள பகரமும் நம் எழுத்தில் ஒன்றுதான். துருக்கிய மொழிகளில் அவை வேறு வேறு ஒலிகள். இந்தப் பக்கத்தில் துருக்கிய வடிவங்களின் முதலில் வரும் பகரத்தைத் ‘தம்பி’யில் உள்ளதுபோல் ஒலிக்க வேண்டும். சுவாஷ், ககாஸ் ஆகிய இரு மொழிகளின் சொற்களில் மட்டும் ‘பல்’லில் உள்ளதுபோல் வல்லொலியாக ஒலிக்க வேண்டும். அந்த இடங்களில் அதைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

உடுக்குறி (*) போட்டு எழுதுகிறீர்களே, அப்படியென்றால் அது கற்பனைச் சொல்தானே?

கற்பனை என்பதைவிடக் கணிப்பு என்பது பொருந்தும். மூலத் துருக்கியத்தில் எழுதப்பட்ட ஆவணம் எதுவும் இல்லை. அது எழுத்து வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கிளைகளாகப் பிரிந்துவிட்டது. எனவே கிளைமொழிகளில் உள்ள வடிவங்களை ஒப்பிட்டு, எந்த மூலத்தை வைத்தால் எல்லா வடிவங்களையும் முறையான ஒலிமாற்றங்களால் விளக்க முடியுமோ அதைத்தான் உடுக்குறியிட்டு எழுதுகிறார்கள். ‘இது நேரடியாகக் கிடைத்ததன்று, உய்த்துணர்ந்தது’ என்று வாசகரை எச்சரிக்கும் குறி அது.

இதில் ‘முறையான’ என்னும் சொல்தான் முக்கியம். சாலை, கை, ஆதல் ஆகிய மூன்று பொருள்களுக்கான சொற்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். துருக்கியில் ‘யொல், கொல், ஒல்-’. கசாக்கில் ‘ஜொல், கொல், பொல்-’. தாத்தாரில் ‘யுல், குல், புல்-’. சுவாஷில் ‘சுல், ஹுல், புல்-’. ஒரு மொழியில் ஒகரம் உகரமாகியிருந்தால் அது ஒரு சொல்லில் மட்டும் நிகழாமல் வரிசை முழுவதிலும் நிகழ்ந்திருக்கிறது. ஒரு சொல் மட்டும் ஒத்திருந்தால் தற்செயல் என்று தள்ளிவிடலாம். வரிசையே ஒத்துப்போகும்போது தள்ள முடியாது.

இந்தச் சொல் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய இடம் எது?

மங்கோலியாவின் ஓர்க்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள கல்வெட்டுகளில் இது கிடைக்கிறது. அவற்றுள் புகழ்பெற்றது, இளவரசன் குல் தெகின் இறந்தபின் அவனுடைய அண்ணன் பில்கெ ககான் கி.பி. 732-இல் எழுப்பிய நினைவுக்கல். அதன் எழுத்தை யாராலும் படிக்க முடியாத நிலை நெடுங்காலம் இருந்தது. 1893-இல் டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் தாம்சன் அதைப் படித்துக் காட்டினார்.

அந்தக் கல்லில், முன்னோர் காலத்தில் துருக்கியர் சீனப் பேரரசுக்கு அடங்கிப்போனதைச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. பெருங்குடிகளில் பிறந்த ஆண்மக்கள் சீனருக்கு ‘குல் பொல்தி’, பெண்மக்கள் ‘குங் பொல்தி’ என்கிறது கல்வெட்டு. ‘குல்’ அடிமை, ‘குங்’ பணிப்பெண். ‘அடிமையாயினர், பணிப்பெண்டிராயினர்’ என்பது பொருள். வெறும் இலக்கணச் சான்றாக எடுத்துக்கொண்டாலும், ‘பொல்-’ என்பது இருக்கும் நிலையை அன்றி ஒரு நிலையிலிருந்து வேறொரு நிலைக்கு மாறுவதையே முதலில் குறித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்கியம் வேண்டியதில்லை.

துருக்கி மொழியில் மட்டும் முதல் எழுத்து எங்கே போயிற்று?

துருக்கியில் மட்டுமன்று, அசர்பைஜானி, காகாவுஸ் மொழிகளிலும் அது இல்லை. மூன்றும் துருக்கியக் குடும்பத்தின் உட்பிரிவுகளுள் ஒன்றான ஒகூஸ் கிளையின் மேற்குப் பகுதியைச் சேர்ந்தவை. இம்மொழிகளில் மிகுதியாகப் புழங்கும் சில சொற்களின் முதல் பகரம் தளர்ந்து வகரமாகியது. கசாக்கில் ‘பர்-’ என்றால் ‘போ’. துருக்கியில் அதன் இணை ‘வர்-’, ‘சென்று சேர்’ என்னும் பொருளில். ‘கொடு’ என்பதற்குக் கசாக்கில் ‘பெர்-’, துருக்கியில் ‘வெர்-’. ‘உண்டு’ என்பதற்கு அங்கே ‘பர்’, இங்கே ‘வர்’. இதே வழியில் ‘பொல்-’ முதலில் ‘வொல்-’ ஆகியிருக்க வேண்டும். வகரமும் ஒகரமும் இரண்டுமே உதடு குவியும் ஒலிகள் என்பதால், ஒகரத்தின் முன் வகரம் கரைந்து ‘ஒல்-’ மட்டும் எஞ்சியது.

எல்லாச் சொற்களிலும் இப்படி நடக்கவில்லை. ‘பஷ்’ (தலை), ‘பெஷ்’ (ஐந்து) ஆகியவை துருக்கியில் இன்றும் பகரத்துடனேயே உள்ளன. மாறியவை பெரும்பாலும் துணைவினையாகவும் முடிக்கும் சொல்லாகவும் வாக்கியத்தின் இடையிலும் இறுதியிலும் விரைந்து உச்சரிக்கப்படுபவை. அத்தகைய சொற்கள் தேய்வது எந்த மொழியிலும் இயல்பே. ஒகூஸ் கிளையின் கிழக்கே உள்ள துருக்மேன் மொழி இம்மாற்றத்தில் சேரவில்லை. அங்கே ‘பொல்-, பெர்-, பர்-’ என்றே இருக்கின்றன. ஆகவே ‘ஒகூஸ் மொழிகளில் பகரம் கெட்டது’ என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வது பிழை.

‘ஒல்கா–பொல்கா’ என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்களே, அது என்ன?

பெயரைக் கேட்டால் விளையாட்டுப் பாட்டுபோல இருக்கும். ஆனால் அது துருக்கியவியலில் ஒரு மெய்யான சிக்கலின் பெயர். 13-ஆம் நூற்றாண்டை ஒட்டிய சில இஸ்லாமியத் துருக்கிய நூல்களில் ‘ஆகும்’ என்னும் எதிர்காலப் பொருளில் ஒரே ஏட்டில் ஓரிடத்தில் ‘ஒல்கா’ என்றும் வேறோரிடத்தில் ‘பொல்கா’ என்றும் வருகிறது. முன்னது மேற்கத்திய வடிவம்; பின்னது நடு ஆசிய வடிவம்.

நடு ஆசியாவிலிருந்து அனதோலியாவுக்கு (இன்றைய துருக்கி நாட்டின் ஆசியப் பகுதி) குடிபெயர்ந்தவர்கள் இரு வழக்குகளையும் கலந்து எழுதினார்களா, அல்லது கிழக்கே எழுதப்பட்ட நூலை மேற்கே படியெடுத்தவர் தம் நாவுக்கு ஏற்ப ஆங்காங்கே மாற்றினாரா என்பதுதான் கேள்வி. எல்லா ஏட்டுக்கும் ஒரே விடை பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓலைச்சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடுகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதாக இராது.

சுவாஷ் மொழியை ஏன் எப்போதும் தனியாகப் பேசுகிறார்கள்?

துருக்கியக் குடும்பம் முதலில் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளையிலிருந்து துருக்கி முதல் சாகா வரை ஏறத்தாழ எல்லா மொழிகளும் வந்தன. மற்றக் கிளையில் இன்று உயிருடன் இருப்பது வோல்கா ஆற்றங்கரையில் பேசப்படும் சுவாஷ் ஒன்றுதான். எனவே ஒரு சொல் சுவாஷிலும் மற்றவற்றிலும் முறையான இணைகளோடு இருந்தால்தான் அதை மூலத் துருக்கியத்துக்குரியது என்று உறுதியாகச் சொல்ல முடியும். சுவாஷில் இவ்வினை ‘புல்-’ (வல்லொலிப் பகரம்). அதன் மேற்பகுதி வட்டார வழக்கில் ‘பொல்-’.

இன்னொரு நுட்பமும் உண்டு. மற்ற மொழிகளில் ஷகரம் உள்ள சில சொற்களில் சுவாஷ் லகரத்தைக் காட்டும்; கல் என்பது துருக்கியில் ‘தஷ்’, சுவாஷில் ‘சுல்’. இங்கே மூலத்தில் இருந்தது இருவகை லகரங்களில் ஒன்று என்பர் பலர். நம் வினையிலோ இரு பக்கமும் லகரமே இருப்பதால், மூலத்தில் இருந்தது சாதாரண லகரம் என்பதில் ஐயமில்லை.

அப்படியானால் ககாஸ் மொழியிலும் ‘பொல்-’ வல்லொலியோடு இருக்கிறதே, அதுவும் சுவாஷுக்கு நெருங்கியதா?

இல்லை. ககாஸ் தென் சைபீரிய மொழி. முதல் கிளையைச் சேர்ந்தது. சொல்லின் முதலில் வரும் பகரத்தை வல்லொலியாக்கும் பழக்கம் அங்கே தனியாகத் தோன்றியது. ஒரே மாற்றம் இரண்டு இடங்களில் தனித்தனியே நிகழலாம். அதை மட்டும் வைத்து உறவு கூற முடியாது. முன்பு பார்த்த சொல்வரிசைச் சோதனையை எப்போதும் செய்துபார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

மூலத்தில் உயிர் குறிலா, நெடிலா?

சாகா மொழியில் ‘புவொல்-’ என்று ஈருயிராக (ஓர் அசையில் இணைந்து ஒலிக்கும் இரண்டு உயிர்களாக) உள்ளது. அந்த மொழியில் இவ்வீருயிர் பொதுவாகப் பழைய நெடில் ஓகாரத்திலிருந்து வருவது. சாலைக்கு அங்கே ‘சுவொல்’. இதைக் கொண்டு மூலத்தில் நெடில் இருந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். பிற மொழிகளின் சான்று இதற்கு ஒருமுகமாகத் துணைநிற்கவில்லை என்பதால் மற்றவர்கள் குறிலே போடுகிறார்கள். நூல்களில் இரண்டு விதமாகவும் பார்த்தால் அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம்.

துருக்கியில் ‘புல்-’ என்றால் ‘கண்டுபிடி’. தாத்தாரில் ‘புல்-’ என்றால் ‘ஆகு’. இரண்டும் ஒரே சொல்லா?

இரண்டும் வேறு. பழந்துருக்கியத்தில் ‘பொல்-’ (ஆகு), ‘புல்-’ (கண்டடை) என்று இரண்டு வினைகள் இருந்தன. தாத்தாரில் பழைய ஒகரம் உகரமானதால் முதல் வினை ‘புல்-’ என்று மாறி, துருக்கியின் இரண்டாவது வினைபோலத் தோற்றம் தருகிறது. தாத்தாரில் ‘கண்டுபிடி’ என்பதற்குத் ‘தப்-’ என்னும் வேறு வினை வழங்குவதால் பேசுவோருக்குக் குழப்பமில்லை. அகராதியைப் புரட்டும் நமக்குத்தான் குழப்பம்.

இதைவிடப் பெரிய தொல்லை ஓர்க்கோன் எழுத்தில் உள்ளது. அதில் ஒகரத்துக்கும் உகரத்துக்கும் ஒரே குறிதான். ‘பொல்-’லும் ‘புல்-’லும் எழுத்தில் ஒன்றே. மேலே காட்டிய வாக்கியத்தில் ‘ஆயினர்’ என்று படிப்பது பொருளையும் இன்றைய மொழிகளையும் வைத்துத்தான். நடு ஆசியாவில் கிடைத்த சில பௌத்தத் துருக்கிய ஏடுகள் இந்தியாவிலிருந்து சென்ற பிராமி எழுத்தில் எழுதப்பட்டவை. அந்த எழுத்து ஒகரத்தையும் உகரத்தையும் வேறுபடுத்திக் காட்டுவதால் இத்தகைய ஐயங்களில் பெரிதும் கைகொடுக்கிறது.

பழைய மொழியில் ‘ஒல்’ என்று ஒரு சுட்டுச்சொல்லும் உண்டாமே? துருக்கியின் ‘ஒல்-’ அதிலிருந்து வந்திருக்கலாமே?

‘ஒல்’ என்றால் ‘அது, அவன், அவள்’. பழந்துருக்கியத்தில் பெயர்ப் பயனிலைக்குப் பின் இதைச் சேர்த்து ‘இன்னது ஆகும்’ என்னும் பொருள்பட முடிப்பது வழக்கம். எனவே இந்த ஐயம் எழுவது இயற்கையே. ஆனால் சுட்டுச்சொல்லின் முதலில் எக்கிளையிலும் பகரம் இருந்ததில்லை; வினையின் முதலிலோ மேற்கு ஒகூஸ் தவிர ஏறத்தாழ எங்கும் இருக்கிறது. மேலும் வினை 8-ஆம் நூற்றாண்டிலேயே காலவிகுதி ஏற்றுப் பகரத்துடன் கல்லில் நிற்கிறது. துருக்கியில் இன்று இரண்டும் நெருங்கித் தோன்றுவது பகரம் கெட்ட பின் நேர்ந்த தற்செயல்.

இதோடு ‘இற’ என்னும் பொருளுடைய வினையையும் கலந்துவிடக் கூடாது. அதன் உயிர், உதட்டைக் குவித்துக்கொண்டு எகரத்தைச் சொன்னால் வரும் ஒலி. முதலில் பகரமும் இருந்ததில்லை. கற்பவர்கள் இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லி, ‘மருத்துவர் ஆனேன்’ என்பதற்குப் பதில் ஏடாகூடமாக எதையோ சொல்லிவிடுவது உண்டு.

‘இரு’ என்பதற்கும் இதே வினைதானே? ஏன் ‘ஆகு’ என்று மட்டும் சொல்கிறீர்கள்?

பழந்துருக்கியத்தில் ‘இருத்தல்’ என்பதற்கு ‘எர்-’ என்று தனி வினை இருந்தது. அது தேய்ந்து தேய்ந்து இன்று துருக்கியில் ‘இடி’ (இருந்தது), ‘இமிஷ்’ (இருந்ததாம்), ‘இசெ’ (எனில்) போன்ற சில வடிவங்களில் மட்டும் எஞ்சியுள்ளது, உஸ்பெக்கில் ‘எடி’. அதற்கு எதிர்காலமும் வினையெச்சங்களும் இல்லாமல் போனபோது, அந்த வெற்றிடத்தை நம் வினை நிரப்பியது. எனவே இன்றைய துருக்கியில் ‘ஹஸ்தாய்டி’ என்றால் ‘நோயாக இருந்தார்’, ‘ஹஸ்தா ஒல்டு’ என்றால் ‘நோயுற்றார்’. ஆனால் எதிர்காலத்தில் ‘ஹஸ்தா ஒலஜக்’ என்பது ‘நோயாக இருப்பார்’, ‘நோயுறுவார்’ இரண்டையும் குறிக்கும்.

துருக்கி அகராதியில் இதிலிருந்து வந்த சொற்கள் ஏராளமாக இருக்கின்றனவே, எல்லாம் பழையவையா?

இல்லை, பல புதியவை. ‘ஒல்குன்’ (பழுத்த, பக்குவப்பட்ட) பழைய சொல். பழம் ‘ஆயிற்று’ என்றால் பழுத்தது என்னும் பொருள் இவ்வினைக்கு உண்டு. ‘ஒலய்’ (நிகழ்ச்சி), ‘ஒல்கு’ (மெய்ந்நிலை), ‘ஒலும்சுஸ்’ (எதிர்மறையான) போன்றவை 20-ஆம் நூற்றாண்டில் அரபு, பாரசீகச் சொற்களை நீக்கும் இயக்கத்தில் ஆக்கப்பட்டவை. அவ்வியக்கத்துக்கென 1932-இல் துருக்கி மொழிக் கழகம் நிறுவப்பட்டது. தனித்தமிழ் இயக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஆக்கமுறை சட்டென்று விளங்கும்.

கசாக்கில் ‘பொலஷக்’ என்றால் ‘வருங்காலம்’. அது மேலே கண்ட ‘ஒலஜக்’ என்னும் வடிவத்தின் நேர் உடன்பிறப்பு: அதே வினை, அதே விகுதி. கசாக்ஸ்தான் அரசு மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்ப 1993-இல் தொடங்கிய கல்வி உதவித்தொகைக்கும் இதுவே பெயர்.

சம்மதம் சொல்ல ‘ஒலுர்’ என்றும், மறுக்க ‘ஒல்மஸ்’ என்றும் சொல்கிறார்களே. நம் ‘ஆகட்டும்’, ‘ஆகாது’ போலவே இருக்கிறதே?

போலவே இருக்கிறது என்பது மட்டுமன்று, இன்னும் நெருக்கமாகப் போகிறது. ‘ஒலரக்’ என்பது ‘ஆக’: ‘தொக்தொர் ஒலரக்’ என்றால் ‘மருத்துவராக’. ‘ஒலன்’ என்பது ‘ஆன’. ‘ஒலுப்’, ‘பொலுப்’ ஆகியவை ‘ஆகி’. உஸ்பெக்கில் ‘பொல்ஸ’ என்றால் ‘ஆனால், ஆயின்’. அதோடு ‘உம்’ என்னும் பொருள்தரும் ‘ஹம்’ சேர்ந்து ‘பொல்ஸ ஹம்’ என்றால் அப்படியே ‘ஆனாலும்’. கசாக்கிலும் உய்குரிலும் ‘பொல்டி’ என்று சொன்னால் ‘ஆயிற்று, போதும்’. விருந்தில் மேலும் பரிமாற வருபவரைத் தடுக்க இந்த ஒரு சொல் போதும். நோயாளியைப் பார்க்கப் போகும் துருக்கியர் ‘கெச்மிஷ் ஒல்சுன்’, அதாவது ‘கழிந்ததாகுக’, என்பார்கள்.

அப்படியானால் தமிழும் துருக்கியமும் உறவு மொழிகள் என்று சொல்லலாமே?

1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார். துருக்கியம், பின்னியம் முதலியவற்றைச் ‘சித்தியன்’ என்ற பெரும்பிரிவில் அடக்கி, திராவிடத்தையும் அதன் பக்கத்தில் வைத்தார். அவருடைய மற்றப் பணிகள் நிலைத்தன. இந்தக் கருத்து நிலைக்கவில்லை.

காரணம் எளிது. மேலே பட்டியலிட்டவை எல்லாம் பொருள் வளர்ச்சியின் ஒப்புமைகள். வினையை இறுதியில் வைத்து, விகுதிகளை ஒட்டி ஒட்டி வாக்கியம் அமைக்கும் மொழிகளில் ‘ஆதல்’ வினை இந்தப் பாதையில் வளர்வது இயல்பு. உறவை நிறுவ வேண்டுமானால் ‘ஆகு’ என்பதற்கும் ‘பொல்’ என்பதற்கும் இடையே ஒலி இணை வேண்டும். அது அறவே இல்லை. ‘யொல், கொல், ஒல்-’ வரிசை போன்ற ஒன்றைத் தமிழிலிருந்து யாரும் காட்டியதில்லை.

தமிழில் ‘போல்’ இருக்கிறதே! ஒலியும் பொருந்துகிறது?

‘போல்’ என்பது ஒத்திருத்தலைக் குறிக்கும் திராவிட வினை. ‘ஆதல்’ என்னும் பொருள் அதற்கு இல்லை. பகரம் வல்லொலி, உயிர் நெடில். இரண்டு மெய்யும் ஓர் உயிருமாக அமைந்த சிறு சொற்கள் எந்த இரு மொழிகளுக்கிடையிலும் இப்படி மோதிக்கொள்ளும். ஒரு சொல்லை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதை முன்பே பார்த்தோம்.

மங்கோலிய மொழியிலும் ‘பொல்-’ இருக்கிறது, பொருளும் அதேதான். இதையும் தற்செயல் என்பீர்களா?

மாட்டேன். மங்கோலியத்தில் ‘பொல்-’ ‘ஆகு, இயலு, கூடு’ என்னும் பொருள்களில் வழங்குகிறது. 13-ஆம் நூற்றாண்டின் மங்கோலியர் இரகசிய வரலாற்றிலேயே அது உண்டு. இங்கே ஒலியும் பொருளும் பயன்பாடும் ஒருங்கே ஒத்துப்போகின்றன. விளக்கங்கள் இரண்டு. ராம்ஸ்டெட், பொப்பே முதலியோர் துருக்கியமும் மங்கோலியமும் ‘அல்தாயிக்’ என்னும் ஒரே குடும்பத்தின் கிளைகள் என்றும், இது பொது மரபுச்சொல் என்றும் கருதினர். கிளாசன், தோர்ஃபர் முதலியோர் அந்தக் குடும்பத்தையே மறுத்து, இத்தகைய ஒப்புமைகளை நெடுங்கால அண்டை வாழ்வில் நேர்ந்த கடன்களாகக் கொண்டனர். என் சார்பு கடன் என்னும் பக்கம். இரு மொழியிலும் ஏறத்தாழ ஒரே வடிவில் நிற்கும் சொல், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த மரபுச்சொல்லாக இருப்பதைவிடப் பிற்காலத்தில் பெறப்பட்டதாக இருப்பதே எளிது.

மஞ்சு மொழியின் ‘ஒ-’ (ஆகு) வினையைத் துருக்கியின் ‘ஒல்-’ உடன் சேர்த்துக் காட்டுபவர்களும் உண்டு. அது கண்ணைக் கட்டும் ஒப்புமை. துருக்கியில் பகரம் கெட்டது மேற்கே, இடைக்காலத்தில். அந்தத் தேய்ந்த வடிவம் மஞ்சூரியாவுக்குப் போயிருக்க வழியில்லை.

கசாக் ஆண்களின் பெயர்களில் ‘பொல்’ வருகிறதே, அதுவும் இதுதானா?

பெயரின் இறுதியில் வந்தால் பெரும்பாலும் இதுதான். ‘நூர்பொல்’ என்றால் ‘ஒளியாகு’. ‘எர்பொல்’ என்றால் ‘ஆண்மகனாகு, வீரனாகு’. இரண்டும் ஏவல் வடிவில் அமைந்த வாழ்த்துகள். ஆனால் ‘பொலத்’ என்னும் பெயரை இதோடு சேர்க்கக் கூடாது. அது எஃகைக் குறிக்கும் பாரசீகச் சொல், துருக்கியில் ‘பொலத்’ என்றே வல்லொலியோடு வழங்குவது. இதேபோல் துருக்கியில் ‘தொலைந்துபோ’ என்னும் பொருளில் வரும் ‘கய்பொல்-’ என்னும் வினையில் பழைய பகரம் பதுங்கியிருப்பதாக எண்ணி மகிழ்பவர்கள் உண்டு. அது ‘கய்ப்’ என்னும் அரபுச் சொல்லும் ‘ஒல்-’ என்னும் வினையும் சேர்ந்தது. அங்குள்ள பகரம் அரபுச் சொல்லினுடையது.